முடிச்சில் உட்கார்ந்தவன்

ஜூன் 9, திங்கள்

இது எந்த வருஷம் என்று கேட்டால் எனக்கு எண் சொல்லத் தெரியாது. கீழ்த்துறைப் பாலத்தை வெள்ளம் கொண்டுபோனதற்கு மறு வருஷம். ஒற்றைக் கொம்பன் யானை ரேஷன் கடைக் கதவைப் பிடுங்கிப் போட்டுச் சர்க்கரை மூட்டையைத் தின்றுவிட்டுப் போன வருஷம். கடையைச் சரிபண்ணித் திறந்தபோது விரல் வைக்கிற மெஷின் வந்தது. அந்த மெஷினுக்கு என் விரலில் ரேகையே தெரியவில்லை என்று அரிசியை நிறுத்தி வைத்தார்கள். எதிர்மலையில் போன் கோபுரம் நட்டதும் இதே வருஷம்தான். அது இல்லாவிட்டால் நான் இப்படி ஒரு போன் டப்பாவிடம் பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.

டப்பாவைக் கொடுத்தது பள்ளிக்கூடச் சுவரில் படம் எழுத வந்திருக்கிற அருள்விழி அம்மணி. எங்கள் பதியில், அதாவது ஊரில், இருப்பது பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற அரசாங்கப் பள்ளி. ரோட்டைப் பார்த்த நீளச் சுவர் முழுக்க எங்கள் இருளச் சனத்தின் கதையை எழுதப் போகிறார்களாம். ஆகஸ்டில் பழங்குடியினர் நாள் என்று ஒன்று வருகிறது, அன்றைக்கு ஆபீசர் வந்து திறந்துவைப்பார் என்று ஹெட்மாஸ்டர் சபரிநாதன் சார் சொன்னார்.

பழசெல்லாம் தெரிந்தவன் தினமும் சாயங்காலம் இதில் பேச வேண்டும், பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும், தேதியையும் அதுவே போட்டுக்கொள்ளும் என்றீர்கள் அம்மணி. என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குப் பார்க்கத் தெரியாது. தப்பாக இருந்தால் டப்பாவைத் திட்டுங்கள் அம்மணி. நாங்கள் வீட்டுக்குள் பேசுவது வேறு பேச்சு, உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். என் மச்சான் மருதனுக்கு டப்பா கொடுக்கவில்லையே, ஏன்? அவன் வீட்டுக்கு நேரில் போய், முன்னால் உட்கார்ந்து கேட்கிறீர்கள். எனக்கு டப்பா.

ஜூன் 10, செவ்வாய்

வெள்ளாட்டைத் தேடிப் போனேன். அது ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றது. அம்மணி இன்றைக்கும் மருதன் வீட்டில்தான், ராகிக்களி சாப்பிட்டதாகக் கேள்வி. வேறு ஒன்றும் இல்லை.

ஜூன் 12, வியாழன்

சுவரின் நடுப்பாகத்தில் தேன் எடுக்கிற படம் வரப்போகிறது. இந்தப் பக்கம் மூங்கில் காடு, அந்தப் பக்கம் எஸ்டேட் வந்து காட்டை வெட்டியது, அதற்கப்புறம் எங்கள் சனத்தில் முதலில் படித்த பிள்ளைகள். எல்லாவற்றுக்கும் நடுவில் கூகைப்பாறை. பாறையில் கொடி ஏணி, ஏணியில் மருதன். பதியில் யாரைக் கேட்டாலும் தேன் என்றால் மருதன் என்றுதானே சொல்வார்கள்.

அம்மணி, கூகைப்பாறையை நீங்கள் கீழே நின்று பார்த்தீர்கள். உச்சியில் ஒரு மரம் இருக்கிறது, அங்கிருந்து தெரியாது. காட்டுக்கொடியை முறுக்கி ஏணி செய்து அந்த மரத்தில் கட்டித்தான் தொங்கவிடுவோம். கட்டிவிட்டு அப்படியே விட்டுவிட மாட்டோம். ஒருத்தன் இறங்கினால் இன்னொருத்தன் அந்த முடிச்சைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். மழைக்கு முடிச்சு நழுவும், கல்லில் உரசிக் கொடி பிரியும், கரடி வரும், மனுஷனும் வருவான். யார் வேண்டுமானாலும் அங்கே உட்கார்ந்துவிட முடியாது. கூடப் பிறந்தவன் கூடாது. அண்ணன் செத்தால் தம்பிக்கு அவன் காடு கிடைக்கும், பெண்டாட்டியும் கிடைப்பாள். சிநேகிதனும் கூடாது, சிநேகம் எப்போது வேண்டுமானாலும் முறியும். இறங்குகிறவனுடைய பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான் உட்கார வேண்டும். தன் கூடப் பிறந்தவளைத் தாலி அறுக்க வைக்க எவனும் துணிய மாட்டான் என்று எங்கள் பெரியவர்கள் வைத்த முறை.

மருதன் கட்டியது என் தங்கச்சி ரேசியை. அதனால் நான் முடிச்சில் உட்கார்ந்தேன். அவன் இறங்கிய அத்தனை தடவையும் நான்தான்.

என்னை ஏன் யாரும் இறக்கவில்லை என்று கேட்பீர்கள். ஏறி இறங்குவதில் மருதனைவிட நான் கெட்டிக்காரன். பலாமரத்தில் இரண்டு பேரும் ஏறினால் நான் உச்சியில் உட்கார்ந்து பழம் தின்கிறபோது அவன் பாதியில் நின்று மூச்சு வாங்குவான். என் அப்பன் எனக்குப் பார்த்து வைத்தது கீழ்ப்பதியில் தம்பிமார் நிறைந்த வீட்டுப் பெண். நான் ரங்கியைக் கட்டினேன். ரங்கி ஒற்றைப் பெண். அண்ணன் தம்பி கிடையாது. அப்பன் என் முகத்தைப் பார்த்து, "அப்ப நீ பாறையை விட்டுட்டே," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ரங்கி செத்தும் வெகுநாள் ஆகிவிட்டது. இதெல்லாம் சுவருக்கு வேண்டாம். சும்மா சொன்னேன்.

ஜூன் 16, திங்கள்

மருதனை நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்துப் பார்த்துக் கரிக்கோடு போட்டார்கள். சட்டையைக் கழற்றச் சொன்னார்களாம், அவனுக்கு ஒரே பெருமை. தொப்பையைச் சுவரில் குறைத்துவிட்டீர்கள். மூக்கை நேராக்கியிருக்கிறீர்கள், அவன் மூக்கு அவ்வளவு நேர் இல்லை.

நான் விறகோடு அந்த வழியாகப் போனேன். எப்போதும் போகிற வழிதான்.

மருதன் என்னைப் பார்த்துவிட்டு, "வா மச்சா, வந்து பாரு, உன் தங்கச்சி புருஷன் எப்படித் தொங்குறான்னு," என்றான்.

"பார்த்துத்தானே கிழவனானேன்," என்றேன்.

"உன்னை எங்க போடறது? படத்துல பாறை கூரை ஓடு வரைக்கும் போயிருச்சு. அம்மணி, எங்க மச்சானை ஓட்டு மேல உட்கார வச்சு வரைஞ்சிருங்க, மழைக்கு ஒழுகாம அடைச்சுக்குவான்."

பிள்ளைகள் சிரித்தார்கள். அம்மணியும் சிரித்தீர்கள். ரேசி சுவரின் அடியில் நின்றுகொண்டிருந்தாள், அவளும் சிரித்தாள். அவளையும் படத்தில் வரைகிறீர்களாம், பாறைக்கு அடியில் தேன்குடத்தோடு அண்ணாந்து பார்க்கிற மாதிரி. நல்லது. புருஷனும் பெண்டாட்டியும் சுவரில் இருக்கட்டும்.

ஜூன் 17, செவ்வாய்

பள்ளிக்கூடத்துப் பையன் ஒருத்தன் படத்தைப் பார்த்து, ஏணி மேலே எதில் இருக்கிறது என்று கேட்டான். இன்னொருத்தன், ஓட்டுக்கு அடியில் உத்திரத்தில் கட்டியிருக்கு என்றான்.

கட்டியிருக்காம்.

ஜூன் 20, வெள்ளி

கோழி ஒன்றைக் கீரி கொண்டுபோய்விட்டது. மழைக்கு முன்னால் கூரைக்குப் புல் மாற்ற வேண்டும்.

இடிமழைத் தேன் கதையை மருதன் உங்களிடம் சொல்லியிருப்பான். பாதி பாறையில் இருந்தபோது மழை பிடித்தது, பயப்படாமல் கம்பளியைப் போர்த்துக்கொண்டு இரண்டு தகரம் நிறையத் தேனோடு வந்தேன் என்று. பொய் இல்லை, வந்தான். மூங்கில் பூத்து எலி பெருத்து ராகியெல்லாம் போன வருஷம் அது, அந்தத் தேனில்தான் பதி சோறு பார்த்தது.

மேலே நடந்ததைக் கேளுங்கள். பக்கத்து மரத்தில் இடி விழுந்தது. புகை போட வந்திருந்தவன், கூடை பிடிக்க வந்திருந்தவன் எல்லோரும் ஓடிவிட்டார்கள். மருதன் கையில் புகைக்கட்டு இருந்ததால் தேன் ஈ அவனை விட்டுவிட்டு மேலே வந்தது. முடிச்சு நனைந்து வழுக்கியது. இரண்டு கையும் முடிச்சில் இருக்கிறது, முகத்தில் ஈ உட்கார்ந்தால் எந்தக் கையால் தட்டுவது? கண் இரண்டும் மூடிப்போச்சு. அவன் மேலே ஏறி வந்து என் தோளைத் தொட்டபோதுதான் வந்துவிட்டான் என்று தெரிந்தது. கையை விடு மச்சா என்றான். விரல் விரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் விரியவில்லை. ரங்கிதான் எனக்கு ஊட்டினாள், காக்கைக்குஞ்சு மாதிரி வாயைத் திற என்று சொல்லிச் சொல்லி.

ஊரே மருதன் வீட்டு வாசலில் தேன் நக்கிக்கொண்டிருந்தது. இதை யாரும் கேட்டதில்லை, அதனால் நானும் யாரிடமும் சொன்னதில்லை.

ஜூன் 24, செவ்வாய்

இன்றைக்கு வாய்விட்டுக் கேட்டேன். அம்மணி, என்னையும் வரையுங்கள் என்று கேட்டேன். உங்களுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. டப்பாவில் சொன்னதை எல்லாம் படித்தீர்களாம், வரைய ஆசைதானாம், ஆனால் சுவர் ஓட்டோடு முடிந்துவிட்டதாம், பாறையைச் சின்னதாக்கினால் எல்லாம் அழித்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம். கடைசியில் கக்கூஸ் பக்கத்து மூலையில் கூத்து ஆடுகிறவர்கள் கூட்டம் வருகிறது, அங்கே உங்களை நிறுத்துகிறேன் தாத்தா என்றீர்கள்.

எனக்கு ஆட வராது.

சாயங்காலம் ஓட்டுக்கு அடியில் இரண்டு கையை மட்டும் வரைந்து காட்டினீர்கள். முடிச்சைப் பிடித்த கை. நல்ல கைதான். ஆனால் யார் கை என்று யாருக்குத் தெரியும்? மருதனுடைய இன்னொரு ஜோடி கை என்று சொல்லுவார்கள். வேண்டாம், அழித்துவிடுங்கள் என்றேன். அழித்துவிட்டீர்கள்.

கோபம் இல்லை. வெள்ளாடு குட்டி போட்டிருக்கிறது, அந்த வேலை இருக்கிறது.

ஜூலை 2, புதன்

நாலு பக்கமும் மழை. சுவருக்குத் தார்ப்பாய் கட்டியிருக்கிறார்கள். மருதனுக்கு நெஞ்சில் சளி, சட்டை இல்லாமல் உட்கார்ந்தால் வராமல் என்ன செய்யும். மூச்சு விட முடியாமல் போய், ஜீப்பில் வைத்துக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரேசியும் கூடப் போனாள். சுவரில் அவன் உடம்பு முடிந்துவிட்டது. கரிக்கோட்டில் இருந்த முகம் மட்டும் சாரலில் கரைந்துபோய்ப் பாக்கி. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சுண்ணாம்பு.

ஜூலை 8, செவ்வாய்

மண்வெட்டிக்குக் காம்பு வாங்கக் கீழே டவுனுக்குப் போனேன். பஸ் ஆஸ்பத்திரி வாசலில்தான் நிற்கிறது. இறங்கினதுதான் இறங்கினேன், உள்ளே ஒரு எட்டு பார்த்தேன். மூக்கில் குழாய். குழாயோடேயே, "படம் முடிஞ்சுதா?" என்கிறான். மூஞ்சி இன்னும் வரவில்லை, நல்லாத்தான் இருக்கு அப்படியே என்றேன். சிரிக்கப் போய் இருமினான். ரேசி என்னை வெளியே போகச் சொன்னாள்.

வீட்டில் கொஞ்சம் தேன் கிடந்தது, வீணாய்ப் போகிறதே என்று எடுத்துப் போயிருந்தேன். தலைமாட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

காம்பு வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

சபரிநாதன் சார் ஆள் விட்டார். போனால் அம்மணியும் இருந்தீர்கள். நாள் நெருங்குகிறது, மருதனுக்கு எப்போது குணமாகும் என்று தெரியவில்லை, முகம் இல்லாமல் ஆபீசருக்குக் காட்ட முடியாது என்றார் சார். நாங்கள் இருவரும் ஒரே வயதாம், ஒரே கட்டாம், மருதன் முகத்துக்குப் பதில் உங்கள் முகத்தைப் போட்டுவிடலாமா தாத்தா என்று நீங்கள் கேட்டீர்கள். கேட்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கேட்டதற்கு இது ஒரு வழி என்று நினைத்தீர்கள் போல.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசிக்க என்ன இருக்கிறது. வந்து தலைக்கு எண்ணெய் வைத்தேன்.

ஜூலை 17, வியாழன்

காலையிலேயே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். சட்டையைக் கழற்றினேன், எனக்குத் தொப்பை இல்லை. தலையைக் கொஞ்சம் தூக்குங்கள், இந்தப் பக்கம் திருப்புங்கள் என்றீர்கள். தூக்கினேன், திருப்பினேன். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மேல்வீட்டுக்காரன் வேலியில் சாய்ந்து, "என்ன மாசணா, இந்த வயசுல தேனுக்கு இறங்கிட்டே," என்றான். ஆமாம் இறங்கிட்டேன் என்றேன். உண்மையைச் சொன்னால் நெஞ்சுக்குள் ஜில்லென்று இருந்தது. பலாமரத்து உச்சியில் உட்கார்ந்த மாதிரி.

மத்தியானத்துக்குள் கண்ணும் மூக்கும் வந்துவிட்டது. என் மூக்கு நேர் மூக்குதான். எட்ட நின்று பார்த்தேன். கூகைப்பாறையில் நான். அடியில் குடத்தோடு ரேசி என்னை அண்ணாந்து பார்க்கிறாள்.

அப்போது பஸ் வந்தது. மாற்றுத்துணி எடுத்துப் போக ரேசி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். ரோட்டில் நின்றாள். படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். புருஷன் படுத்துக் கிடக்கிறபோது அவன் இடத்தில் உட்காருகிறாயா என்று கேட்பாள், அதற்குப் பதில் கூட யோசித்து வைத்திருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை.

"நீ இறங்கிட்டியே அண்ணா," என்றாள். "மேலே யாரு?"

போய்விட்டாள்.

முடிச்சில் யார் உட்காருவது? ரங்கிக்குத்தான் கூடப் பிறந்தவன் கிடையாதே. சட்டையைத் தேடி எடுத்துப் போட்டேன். அம்மணி, நீங்கள் அவள் என்ன கேட்டாள் என்று கேட்டீர்கள். நான் சொன்னது, அழித்துவிடுங்கள், இந்த மூஞ்சியை அழித்துவிடுங்கள் என்பதுதான். நல்லா வந்திருக்கே தாத்தா என்றீர்கள். நல்லாத்தான் வந்திருந்தது.

ஜூலை 18, வெள்ளி

இன்றைக்கு அழித்த இடத்தில் மருதன் முகத்தை எழுதினீர்கள். ஆள் இல்லாமல் எப்படி எழுதுவது என்றீர்கள், நான் சொன்னேன். ரேஷன் அட்டையில் இருக்கிற போட்டோ வேண்டாம், அதில் அவன் போலீஸ்காரனைப் பார்த்தவன் மாதிரி இருப்பான்.

முதலில் பக்கவாட்டில் எழுதப் பார்த்தீர்கள், பாறையைப் பார்க்கிற மாதிரி. அது கீழே நிற்கிறவர்கள் நினைத்துக்கொள்கிற முகம். கீழே இருந்தவர்களுக்கு அவன் உள்ளங்கால்தான் தெரியும், முகத்தை எங்கே பார்த்தார்கள்? ஒவ்வொரு படி இறங்குவதற்கு முன்னாலும் தலையை அண்ணாந்து மேலே பார்ப்பான். அந்த முகத்தைச் சொன்னேன். இடது புருவம் ஏறியிருக்கும். வாய் கொஞ்சம் திறந்திருக்கும், முன்பல் மேல் இன்னொரு பல் ஏறி உட்கார்ந்திருக்கும். காதில் ஒரு துண்டு கிடையாது, சின்ன வயதில் நாய் கடித்தது. கண் பெரிசாக இருக்கும். பயம்தான். வெளியில் சொல்ல மாட்டான், ஆனால் பயந்துகொண்டுதான் இறங்குவான். மச்சான் இருக்கானா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த படியில் கால் வைப்பான்.

மூக்கை வளையுங்கள் என்றேன். வளைத்தீர்கள்.

இப்போது அவன் ஓட்டைப் பார்த்துக்கொண்டு தொங்குகிறான். சார் வந்து, ஏன் மேலே பார்க்கிறார், ஆபீசரைப் பார்க்கிற மாதிரி இருந்தால் நன்றாக இருக்குமே என்றார். நீங்கள் தூரிகையைக் கழுவப் போய்விட்டீர்கள்.

எனக்கு ஒரு எரிச்சல்தான். என் வாயால் சொல்லி அவன் முகத்தை அவ்வளவு லட்சணமாக வரவைத்திருக்கிறேன்.

ஜூலை 25, வெள்ளி

கூரைக்குப் புல் மாற்றினேன். மருதனுக்கு ஒன்றும் மாற்றம் இல்லை என்றார்கள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

விடிகிறபோது மருதன் போய்விட்டான். ஜீப் மேலே வருகிறது. நான் டப்பாவை அணைக்கிறேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எங்கள் சுடுகாட்டில் எரிப்பது கிடையாது, புதைப்பதுதான். குழிக்குள் இறக்குகிறபோது தலைமாட்டில் என்னை நிற்கச் சொன்னார்கள். கயிற்றை மெதுவாக விட்டேன். எப்போதும் போல அவன் இறங்கினான், நான் மேலே நின்றேன்.

மண் தள்ளின பிறகும் எல்லோரும் அவனைப் பற்றித்தான் பேசினார்கள். இடிமழைத் தேன் கதையை மேல்வீட்டுக்காரன் சொன்னான், கம்பளி, இரண்டு தகரம் எல்லாம். தகரம் மூன்றாகிவிட்டது. நான் திருத்தவில்லை. செத்தவனோடு எப்படிப் போட்டி போடுவது? உயிரோடு இருந்தபோதாவது திருப்பித் திட்டுவான்.

ரேசி கழுத்தில் இருந்த கல்யாணப் பாசியைக் கழற்றிவிட்டாள். என்னைப் பார்க்கவில்லை. நானும் அவள் பக்கம் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

ஆபீசர் வந்தார். ரிப்பன் வெட்டினார். பிள்ளைகள் கொகால் குழல் ஊதினார்கள், நாங்கள் ஊதுகிற மாதிரி இல்லை, இருந்தாலும் பரவாயில்லை. தார்ப்பாயை இழுத்தபோது ரோட்டில் நின்ற சனமெல்லாம் ஒரு சத்தம் போட்டது. அம்மணி, நீங்கள் எழுதியது நன்றாக இருக்கிறது. வெயிலில் இன்னும் நன்றாக இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் என் மனசு சுத்தம் இல்லாதவன் என்பீர்கள்.

படத்தில் யார் யார் என்று ஆபீசர் கேட்டார். சபரிநாதன் சாருக்குத் தெரியாது, நீங்களும் கேட்டுக் கேட்டு வரைந்ததுதான், பாதி பேரைப் பார்த்ததில்லை. என்னைக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்தார்கள். நான் மைக்கில் பேசியது இல்லை, டப்பாவில் பேசிப் பழகியதால் பயம் இல்லை.

சுவரோரமாகவே நடந்து சொன்னேன். மூங்கில் காட்டில் கூடையோடு போகிறவள் குரும்பி, பெரியம்மை வந்த வருஷம் போனாள். எஸ்டேட் கங்காணியை எதிர்த்துக் கோடாலியோடு நிற்கிறவன் பெட்டன், அவன் போனது ரோடு வெட்டின வருஷம், வெடி வைத்த இடத்தில். பாறைக்கு அடியில் புகை போடுகிறவன் காரமடையான், கண் தெரியாமல் போய்ச் செத்தான். கூடை பிடிக்கிறவன் சொறியன், அவனை யானை அடித்தது. நடுவில் தொங்குகிறவன் மருதன், என் தங்கச்சி புருஷன், போன ஞாயிற்றுக்கிழமை. சொல்லிக்கொண்டு வரும்போது அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். வாழ்நாளில் ஒருநாள் எல்லோர் கண்ணும் என் மேல்.

ஆபீசர் நல்ல மனுஷர், சின்ன வயது. என் தோளில் கை வைத்து, "அந்தத் தேன் எடுத்தவங்கள்ல இன்னும் யாராவது உயிரோட இருக்காங்களா பெரியவரே?" என்றார்.

மைக் என் கையில். ஓட்டுக்கு அடியில் மருதன் கண்ணைப் பெரிசாக்கி மேலே பார்த்துக்கொண்டிருக்கிறான். சொல்லியிருக்கலாம் அம்மணி. நான் இருக்கிறேன், மாசணன் இருக்கிறேன், முடிச்சில் உட்கார்ந்தவன் நான்தான், இந்தக் கையைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆபீசர் கை தட்டியிருப்பார். பேப்பரில் போட்டிருப்பார்கள். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

கூட்டத்துக்குக் கடைசியில், வெறும் கழுத்தோடு, யாரும் நிழலுக்குக் கூப்பிடாமல் அவள் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள்.

"இருக்கா," என்றேன். "கீழே குடத்தோட நிக்கிறாளே, அவ. ரேசி."